வார்டில் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு யார் பொறுப்பு?

ஆய்வக மேற்பார்வையாளர் (கேள்வி):
வணக்கம். எங்கள் மருத்துவமனையில் ஒவ்வொரு வார்டும் தனித்தனியாகக் குளுக்கோமீட்டர் வாங்கி வைத்திருக்கிறது. வார்டில் 180 காட்டிய நோயாளிக்கு ஆய்வகத்தில் 148 வருகிறது. எதை நம்பி இன்சுலின் கொடுப்பது என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். மீட்டர்களை ஆய்வகத்தின் பொறுப்பில் விட நிர்வாகம் இசைந்துள்ளது. எங்கிருந்து தொடங்கலாம்?

உயிர்வேதியியல் மருத்துவர்:
மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் உங்களிடம் வரும் மாதிரியைப் பாருங்கள். ஃபுளோரைடு இல்லாத குழாயில் எடுத்த இரத்தம் அறை வெப்பத்தில் காத்திருந்தால், இரத்த அணுக்கள் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருப்பதால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும். மாதிரியில் பிழையில்லை என்றால் ஹீமடோகிரிட்டை, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைப் பாருங்கள். இரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் கூட்டியே காட்டும். ஐ.எஸ்.ஓ. 15197 தரத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, 100 மி.கி.க்குக் கீழே 15 மி.கி. வரையும் அதற்கு மேல் 15 சதவீதம் வரையும் வேறுபாட்டை ஏற்கிறது; நீங்கள் சொல்லும் வேறுபாடு அந்த வரம்பைத் தாண்டியது.

இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்து ஷாக்கில் இருப்பவருக்கு விரல்நுனி இரத்தத்தை நம்பவே கூடாது. வயிற்றுவழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்துவோருக்கு, ஜி.டி.எச்.-பி.க்யூ.க்யூ. என்ற நொதியில் இயங்கும் ஸ்டிரிப்புகள், அத்திரவம் உடலில் சிதைந்து உண்டாகும் மால்டோஸ் என்ற சர்க்கரையையும் குளுக்கோஸாகக் கணக்கிட்டுவிடும். இதனால் இன்சுலின் அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்ததை அடுத்து, அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2009இல் எச்சரிக்கை விடுத்தது. ஆகவே மருத்துவமனை முழுவதற்கும் ஒரே மாடலைத் தேர்ந்தெடுங்கள்; அதற்கு முன் அதன் ஸ்டிரிப் எந்த நொதியில் இயங்குகிறது என்று கேளுங்கள்.

செவிலியர் கண்காணிப்பாளர்:
ஐயா சொன்னவற்றோடு வார்டில் நடப்பதையும் கூறுகிறேன். டிராலியில் ஸ்டிரிப் டப்பா மூடாமல் கிடக்கும். காற்றின் ஈரம் பட்டால் ஸ்டிரிப் கெட்டுவிடும். பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு எகிறும். ஸ்பிரிட் உலரும் முன் குத்தினாலும் அளவு பிழையாகும். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதும் பழக்கத்தை முதலில் கொண்டுவாருங்கள். விரலைக் குத்தும் ஊசியைப் பொருத்தும் பேனாவை ஒருவருக்கு மேல் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி பரவும் என்பதால், ஒருமுறை குத்தியதும் பூட்டிக்கொள்ளும் லான்செட் ஊசியையே வாங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ஆய்வக மேற்பார்வையாளர்:
இருவருக்கும் நன்றி. அளவு தெரிந்த திரவத்தைக் கொண்டு மீட்டரைச் சரிபார்க்கும் தினசரிக் கண்ட்ரோல் சோதனையைச் செய்வது செவிலியரா, எங்கள் டெக்னீஷியனா?

தர மேலாளர்:
செவிலியரே செய்யட்டும், பதிவேட்டை ஆய்வகம் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். படுக்கையருகுப் பரிசோதனைக்கென இருந்த ஐ.எஸ்.ஓ. 22870 தரம் இப்போது மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்போடு இணைக்கப்பட்டுவிட்டது. கண்ட்ரோல் தவறிய மீட்டரை அன்றே வார்டிலிருந்து எடுத்துவிடும் அதிகாரத்தை நிர்வாகத்திடம் எழுத்தில் பெறுங்கள்; மாற்று மீட்டர் ஒன்று ஆய்வகத்தில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.