எஸ்டிமேட் கேட்டா நாள் சொல்றோம், அது எப்போ தேதி ஆகுது?

இலவம்பாடி முள்ளு:
காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருக்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகள்ல ஓயாம நடக்கிற சண்டை இது. பேச வசதியா ஒரு வேலையை எடுத்துக்குவோம். ஆம்பூர் ஷூ ஏற்றுமதிக்காரர் ஒருத்தரோட பில்லிங் சாஃப்ட்வேர்ல ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டல்ல பதிஞ்சு நம்பர் வாங்குற வசதி, சேர்க்கணும். மேனேஜர் கேக்குறது: "ஒரு பட்டன் தானே, எத்தனை நாள் ஆகும்?"

பட்டன் மூணு நாள் தான். பட்டனுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. வெளிநாட்டு பையருக்கு ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. அந்த இடத்துல 'யுஆர்பி'ன்னு (பதிவு இல்லாதவர்னு அர்த்தம்) போகணும், பின்கோடு 999999, மாநிலக் குறியீடு 96. எல்யுடி, அதாவது உறுதிக் கடிதம் கொடுத்து வரி கட்டாம போற பில் ஒரு வகை, ஐஜிஎஸ்டி கட்டிட்டுப் போற பில் இன்னொரு வகை. டாலர் பில்லை ரூபாய்க்கு மாத்துறப்போ ஒவ்வொரு ஐட்டம் வரிசையிலயும் பைசா ரவுண்ட் ஆகி, கூட்டுத்தொகை மொத்தத்தோட இடிக்கும். போர்ட்டல் லாகின் டோக்கன் 6 மணி நேரம் தான் தாங்கும். ஐஆர்என் (போர்ட்டல் தர்ற பதிவு நம்பர்) வாங்கின பில்லை போர்ட்டல்ல கேன்சல் பண்ண 24 மணி நேரம் தான் டைம். கேன்சல் ஆன பில் நம்பரைத் திரும்பப் போட முடியாது. அப்போ நம்பர் வரிசை ஓடுற பழைய புரோகிராம்லயும் கை வைக்கணும்.

எல்லாம் நேராப் போனா 6 நாள், வழக்கம்போலன்னா 9, படுத்தி எடுத்தா 18. நடு எண்ணை நாலு மடங்காக்கி மூணையும் கூட்டி ஆறால வகுத்தா 10 வருது. இதை அப்படியே சொன்னாலும் மேனேஜர் காதுல விழுறது 6 மட்டும் தான். சாயந்தரத்துக்குள்ள கிளையன்ட் மெயில்ல அது தேதி ஆகிடுது. தேதி தவறினா மட்டும், "நீ தானே சொன்ன?"

ஆற்காட்டு மக்கன்பேடா:
தேதியை மேனேஜர் பெத்துப் போடுறார்ங்கிற மாதிரி பேசாதீங்க சார். நீங்க சொன்ன வேலையிலயே பாருங்க. வருஷ விற்றுமுதல் 10 கோடியோ அதுக்கு மேலயோ இருக்கிறவங்க பில் போட்ட 30 நாளைக்குள்ள போர்ட்டல்ல ஏத்தியாகணும், 1 ஏப்ரல் 2025-ல இருந்து. தாண்டினா போர்ட்டல் வாங்கவே வாங்காது. கன்டெய்னர் புக் ஆகி லாரி வாலாஜா டோல் தாண்டினப்புறம் "இன்னும் ரெண்டு நாள்"னு எப்படிச் சொல்றது? தேதி வெளியில இருந்து வருது, நடுவுல நிக்கிறவன் மேனேஜர்.

அப்புறம் அந்த 6, 9, 18. மூணு நம்பரை மேசை மேல வெச்சுட்டுப் போறது எஸ்டிமேட் இல்ல. 18 எதனால ஆகும்? டெஸ்ட் லாகின் வராததாலயா, பழைய நம்பர் புரோகிராம் யாருக்கும் புரியாததாலயா? காரணம் தெரிஞ்சா அந்த லாகினை இன்னைக்கே போன் போட்டு வாங்கலாம், அது மேனேஜர் வேலை. காரணம் சொல்லாத 18, பயத்துல சேர்த்த 18 தான். அதை வெட்டுவாங்க, நானும் வெட்டுவேன்.

இன்னொண்ணு. தினசரி ஸ்டேண்டப் மீட்டிங்ல திங்கக்கிழமை "90 சதவீதம் முடிஞ்சுது". வியாழக்கிழமையும் 90. அடுத்த திங்களும் 90. மீதி 10-ல என்ன இருக்குன்னு கேட்டா "சின்னச் சின்ன இஷ்யூ". இப்படிப் பேசுறவங்க தான் அப்புறம் மைக்ரோமேனேஜ்மென்ட்னு அழுறாங்க.

காட்பாடி ஒண்ணாம் பிளாட்பாரம்:
டெஸ்டிங் பக்கத்துல இருந்து சொல்றேன். ரெண்டு பேருமே உங்க நாளை எங்க நாள்ல இருந்து தான் எடுக்கிறீங்க. பத்து நாள் ஸ்பிரின்ட்ல (ஒரு சுத்து வேலைக்கு ஒதுக்கின நாள்) ஒன்பதாம் நாள் மதியம் 1,800 வரி பிஆர் (சேர்க்கச் சொல்லி அனுப்புற கோடு மாற்றம்) ஒண்ணு வரும். ரிவ்யூ பண்றவர் மேல கீழ ஸ்க்ரோல் பண்ணி "ஓகே" போடுவார். 200 வரின்னா பத்து தப்பு சொல்லுவார்.

இந்த இ-இன்வாய்ஸ்ல எது உடையும்னா, டைம்-அவுட். ரிக்வெஸ்ட் போகுது, போர்ட்டல் ஐஆர்என் போட்டுடுது, பதில் வர்றதுக்குள்ள லைன் அறுந்துடுது. நம்ம டேட்டாபேஸ்ல ஐஆர்என் காலி. பில் போடுறவர் மறுபடி அழுத்துவார். போர்ட்டல் 2150-ன்னு எர்ரர் கொடுக்கும். ஏற்கெனவே போட்டாச்சுன்னு அர்த்தம். அது அவருக்குப் புரியாது. பில் நம்பரை மாத்தி இன்னொரு தடவை போடுவார். ஒரே சரக்குக்கு ரெண்டு ஐஆர்என், ரெண்டும் ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை ரிட்டர்ன்ல போய் உக்காந்துக்கும். 24 மணி நேரம் தாண்டிட்டா, ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி போர்ட்டல்ல கையால நீக்கணும், இல்லன்னா அதைக் கழிக்க கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கிற சீட்டு) போடணும்.

இதுக்கு மருந்து பெருசில்ல. அனுப்புறதுக்கு முன்னாடியே டேட்டாபேஸ்ல அந்த பில்லுக்கு நேரா 'அனுப்பியாச்சு, பதில் வரல'ன்னு நிலையை எழுதிடணும், பட்டனைப் பூட்டணும், 2150 வந்தா எர்ரர் காட்டாம, பில் நம்பரையும் தேதியையும் வெச்சு போர்ட்டல்கிட்ட பழைய ஐஆர்என்-ஐக் கேட்டு வாங்கணும். ஒரு நாள் வேலை. ஆனா 6 நாள் எஸ்டிமேட்ல இது இருக்காது.

குறைஞ்சபட்ச டெஸ்ட்: எல்யுடி பில் 4, ஐஜிஎஸ்டி பில் 4, செய்யாறு மாதிரி சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குப் போற பில் 2, உள்ளூர் பில் 4, கிரெடிட் நோட் 3, கேன்சல் 2, நடுவுல நெட் பிடுங்கி 3. மொத்தம் 22. ஒண்ணுக்கு 20 நிமிஷம்னா 7 மணி 20 நிமிஷம், ஒரு முழு நாள். திருத்தி வந்ததும் திரும்ப முதல்ல இருந்து. ரெண்டு நாளுக்குக் கீழ போகவே முடியாது. கிடைக்கிறது அரை நாள்.

கோட்டை அகழி:
நம்ம வேலூருக்குச் சொல்வாங்களே, ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்லன்னு. அதே கதை தான். ஸ்பிரின்ட் இருக்கு ஸ்கோப் இல்ல, டெஸ்டர் இருக்கார் நாள் இல்ல.

பாலாறு மணல்:
அகழி அண்ணா, கோயிலுக்கு சாமி 1981-லயே திரும்பி வந்தாச்சு. பழமொழியை அப்டேட் பண்ணுங்க.

விஷயத்துக்கு வர்றேன். சண்டை எஸ்டிமேட்ல தொடங்கல, ஆள்-நாள் கணக்குல தொடங்குது. ஆறு பேர், பத்து நாள், ஆக 60-ன்னு ஷீட்ல போடுறாங்க. கழிச்சுப் பாருங்க. ஸ்டேண்டப் தினம் கால் மணி நேரம்னா பத்து நாளைக்கு 2.5 மணி; பிளானிங் 3, முடிச்ச வேலையைக் காட்டுற ரிவ்யூவும், எது சரியில்லன்னு பேசுற ரெட்ரோவும் 2, பாக்கி வேலைப் பட்டியல் (பேக்லாக்) பேச்சு 2. ஆளுக்கு 9.5 மணி, ஆறு பேருக்கு 57 மணி, ஏறக்குறைய 7 நாள். சப்போர்ட் போன் எடுக்க ஒரு ஆள் முழுசா, 10 நாள். மீதி அஞ்சு பேர் தினம் முக்கால் மணி அடுத்தவர் பிஆர் பார்த்தா 37.5 மணி, அது ஒரு 5 நாள். லீவு 2. மிஞ்சுறது 36. நாப்பதுக்குக் கீழ தான் கையில இருக்குன்னு தெரிஞ்சும் 60-க்கு வேலையை ஏத்துறவரு, தப்பிச்சுக்க டெவலப்பரை "ஸ்லோ"ன்னு சொல்லித்தான் ஆகணும்.

வேலை தள்ளிப் போனதும் அடுத்த வைத்தியம், ஆள் சேர்க்கிறது. நாலு பேர்னா ஒருத்தரோட ஒருத்தர் பேசுற ஜோடி 6. ஆறு பேர்னா 15. ஐபிஎம்ல ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்தின பிரெட் புரூக்ஸ் 1975-லயே எழுதிட்டார், தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தா இன்னும் தாமதமாகும்னு. புதுசா வர்றவருக்கு டேட்டாபேஸ் காப்பி, விபிஎன், டெஸ்ட் லாகின் எல்லாம் வாங்கிக் கொடுத்து, எல்யுடின்னா என்னன்னு சொல்லிக் கொடுக்கிறது யாரு? ஏற்கெனவே மூச்சு முட்டிகினு இருக்கிற அதே ஆள் தான்.

ஆற்காட்டு மக்கன்பேடா:
36 கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா அதை எந்த டெவலப்பரும் பிளானிங் மீட்டிங்ல வாயைத் திறந்து சொல்றதில்ல. தலையாட்டிட்டு வெளிய வந்து டீக்கடையில சொல்றாங்க.

இலவம்பாடி முள்ளு:
ஏன் சொல்றதில்லன்னு தெரியாத மாதிரி கேக்குறீங்களே. ஸ்டோரி பாயின்ட்டை, அதாவது வேலை எவ்வளவு பெருசுன்னு போடுற எண்ணை, அப்ரைசல்ல சேர்த்தது யாரு? ஒருத்தர் 30 பாயின்ட் முடிச்சார், இன்னொருத்தர் 18-ன்னு வரிசை போட்டா, அடுத்த மாசமே நேத்து 3-ஆ இருந்த வேலை 5 ஆகும், 5 எட்டாகும். அது ஏமாத்து இல்ல, நீங்க அளந்ததுக்கு அவங்க கொடுத்த பதில். பழைய பிழையைத் தேடி எடுக்கிறவருக்கும், பிஆரை ஒழுங்காப் படிக்கிறவருக்கும் பாயின்ட் கிடையாது. அந்த ரெண்டு வேலையும் அன்னைக்கோட சரி.

ஸ்டேட்டஸ் கதையும் அதே தான். வேலை டிக்கெட் போடுற ஜிராவுல மாத்தணும், எக்செல்ல பச்சை அடிக்கணும், வாட்ஸ்அப் குரூப்ல மூணு மணிக்கு ஒரு தடவை, ஆறு மணிக்கு ஒரு தடவை. ஒரே செய்தி மூணு இடத்துல. பைசா ரவுண்டிங் மாதிரி ஒரு பிழையைத் துரத்துறப்போ பத்து பில்லோட எண்ணு தலையில நிக்கும். போன் அடிச்சா எல்லாம் கலைஞ்சுடும், திரும்பக் கட்ட இருபது நிமிஷம் ஆகும்.

ஆற்காட்டு மக்கன்பேடா:
ஜிரா டிக்கெட் நாலு நாளா 'நடந்துகொண்டிருக்கிறது'லயே நின்னா போன் அடிக்காம என்ன பண்றது? நான் கேக்குறது மூணே வரி: எது நின்னு போச்சு, எப்போல இருந்து, யார்கிட்ட மாட்டிகினு இருக்கு. பதினொரு மணிக்குள்ள அது டிக்கெட்ல இருந்தா எக்செல்லை நானே நிரப்பிக்கிறேன், வாட்ஸ்அப்ல ஒரு எழுத்தும் கேக்க மாட்டேன். அப்ரைசல்ல பாயின்ட் சேர்த்தது தப்பு தான், வாதாடல. ஆனா அதை எடுக்க மேல இருக்கிறவங்க சம்மதிக்கணும்.

காட்பாடி ஒண்ணாம் பிளாட்பாரம்:
சரி, நடக்கிறதைப் பேசுவோம். மாசக் கடைசியில ஷிப்மென்ட் நெரிசல், அதனால 25-க்கு மேல லைவ் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், ஆம்பூர், பேரணாம்பட்டுல பல இடத்துல மதியத் தொழுகை நேரத்துல அக்கவுன்ட்ஸ்காரர் போன் எடுக்க மாட்டார், பில் சரியா வந்துச்சான்னு கேக்க ஆள் இருக்காது. செவ்வாய் காலையில போடுங்க. ஒரே ஒரு பில் கவுன்ட்டர்ல மட்டும் ரெண்டு நாள் ஓடட்டும், மத்ததெல்லாம் பழைய முறையிலயே போகட்டும். தப்பாச்சுன்னா திரும்ப பழைய பதிப்புக்குப் போற ஸ்கிரிப்டை முன்னாடியே ஓட்டிப் பார்த்திருக்கணும்.

ஆற்காட்டு மக்கன்பேடா:
நல்லது. இப்போ எனக்கு 10 நாள் இல்ல, 7 தான்னு வெச்சுக்குங்க. எதை விடுவீங்க?

இலவம்பாடி முள்ளு:
மொத்தமா பில் ஏத்துற வசதி வேண்டாம். பையருக்கு தானா மெயில் போறது வேண்டாம். கிரெடிட் நோட்டையும் தள்ளலாம், மாசத்துக்கு மூணு நாலு தான் வரும். போர்ட்டல் தர்ற எக்செல் கருவியில தயார் பண்ணி அக்கவுன்ட்ஸ்காரரே ஏத்திக்கட்டும். டெஸ்ட் நாளைத் தொட மாட்டேன்.

காட்பாடி ஒண்ணாம் பிளாட்பாரம்:
கிரெடிட் நோட் போனா என் 22-ல 3 குறையும், சரி. 2150 வேலையை விட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆற்காட்டு மக்கன்பேடா:
அப்போ எது வராதுங்கிறதை நீங்களே மெயிலா எழுதுங்க, கிளையன்ட்டுக்கு ஃபார்வர்ட் பண்ணிடறேன்.

இலவம்பாடி முள்ளு:
எழுதித் தர்றேன் சார். ஆனா ஃபார்வர்ட் வேண்டாம், உங்க பேர்ல தனி மெயிலாப் போகட்டும். 'டெவலப்மென்ட் டீம் சொல்றாங்க'ன்னு ஆரம்பிக்கிற மெயில் தான் இத்தனைக்கும் காரணம்.

ஆற்காட்டு மக்கன்பேடா:
அந்த முதல் வரியை எடுத்துடறேன். சிசி-யில உங்களைப் போடுவேன், அதை மட்டும் கேக்காதீங்க.