சுனௌலி பார்டர்: குரூப்ல ஒருத்தன் மட்டும் அமெரிக்க பாஸ்போர்ட், ஹெல்ப் ப்ளீஸ்

வணக்கம் மக்களே. ஐப்பசில குடும்பத்தோட நேபாளத்துல இருக்கற முக்திநாத் கோவிலுக்குப் போறோம், கோரக்பூர் வரைக்கும் ரயில், அங்கேர்ந்து வேன்ல சுனௌலி பார்டர் தாண்டி போக்ரா. எங்களுக்கு பாஸ்போர்ட் இல்லாட்டி வோட்டர் ஐடி போதும், 65 தாண்டுன பெரியவங்களுக்கு ஆதாரே போதும், ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணுக்கு ஸ்கூல்ல லெட்டர் வாங்கியாச்சு.

சிக்கல் சித்தப்பா பையனுக்குத்தான். அமெரிக்க பாஸ்போர்ட், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற அட்டை) வச்சிருக்கான், ஆனா நேபாளத்துக்கு ஓசிஐ செல்லாதே, விசா எடுத்தாகணும். அது பார்டர் தாண்டி நேபாள பக்கம் இருக்கற பெலஹியாலயே 15 நாளுக்கு 30 டாலர் கட்டினா குடுத்துருவாங்க, ஓகே.

பயமே நம்ம பக்கத்து எக்ஸிட் ஸ்டாம்ப்தான். இந்தியர்களுக்கு ஸ்டாம்ப் எதுவும் கிடையாதுங்கறதால வேன்காரங்க நிறுத்தாம நேரா கேட்டைத் தாண்டிருவாங்களாம், இமிக்ரேஷன் ஆபீஸ் கடைத்தெருவுக்குள்ள சின்னதா இருக்கும், லாரி வரிசை மறைச்சுக்கும்னு சொல்றாங்க, ஸ்டாம்ப் இல்லாம அந்தப்பக்கம் போயிட்டா அவன் மட்டும் திரும்ப நடந்து வரணும், ஹிந்தி வேற தெரியாது பாவம். டிராவல்ஸ்காரர்கிட்ட கேட்டா "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"ங்கறார், எதைப் பாப்பார்னே தெரியல.

கோரக்பூர்லேர்ந்து வரும்போது அந்த ஆபீஸ் எந்தக் கைப்பக்கம்? பக்கத்துல அடையாளம் ஏதாவது? ராத்திரி லேட்டா போய்ச் சேர்ந்தா வேலை நடக்குமா, இல்ல காலைலதான் தாண்டணுமா? திரும்பி வரும்போது ஓசிஐக்கு ஏதாவது குடைச்சல் குடுக்கறாங்களா?

சமீபத்துல ஃபாரின் பாஸ்போர்ட்டோட ரோடு வழியா போனவங்க சொன்னா நல்லாருக்கும். "பெருமாள் பாத்துப்பார்"னு மட்டும் கமெண்ட் போடாதீங்க, அதை அத்தை ஏற்கனவே சொல்லிட்டாங்க.