பொம்மை விழும் மெஷினுக்குத் தமிழில் பெயர் வேண்டும் (வெள்ளிக்கிழமை அச்சு)

மண்டபத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். அரியமான் கடற்கரையிலும் ராமேசுவரத்திலும் சின்னக் கடை வைத்திருக்கும் மகளிர் குழுக்காரர்கள், காசைப் போட்டுப் பிடியைத் திருகினால் பிளாஸ்டிக் உருண்டைக்குள் பொம்மை விழுமே, அந்த மெஷின் சிலவற்றை வாங்கியிருக்கிறார்கள். கூட வந்த பொருத்தும் வழிகாட்டி முழுக்க ஆங்கிலம். தமிழில் எழுதித் தருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், தலைப்பையே இன்னும் தாண்டவில்லை.

'பல்க் வெண்டிங் மெஷின்' என்று போட்டுத் தேடினால் 'மொத்த விற்பனை இயந்திரம்' என்று வருகிறது. மொத்த விற்பனை என்றால் மண்டி வியாபாரம். இதுவோ குழந்தைக்கு ஒன்றே ஒன்று கொடுக்கிற சாமான். இங்கே 'பல்க்' என்பது அளவைச் சொல்லவில்லை. பொருளை வரிசையாக அடுக்காமல் மேலே இருக்கும் கண்ணாடிக் கூண்டில் அள்ளிக் கொட்டி வைப்பதைச் சொல்கிறது. கூண்டுக்குக் கீழே குழி குழியாக ஒரு சக்கரம். பிடியைத் திருகினால் அது சுற்றும், குழியில் உட்கார்ந்த உருண்டை துளைக்கு நேரே வந்ததும் விழும், அவ்வளவுதான். மெஷினுக்கு, சக்கரத்துக்கு, உருண்டைக்கு, காசு வாங்கும் பகுதிக்கு, பொருள் விழும் வாய்க்கு, இவற்றுக்கெல்லாம் பெயர் வேண்டும். உதவுங்கள்.

பரமக்குடியிலிருந்து:

இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது அம்மா? தானியங்கி விற்பனைப் பொறி. 2022-இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை வருகிற மெஷினை வைத்தார்களே, அதைத் தானியங்கி என்றுதான் எல்லா நாளிதழும் எழுதின. மக்கள் பழகிய சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

தொண்டியிலிருந்து:

ஐயா, தானே இயங்கினால்தானே தானியங்கி? மஞ்சப்பை மெஷின் மின்சாரத்தில் ஓடுவது, கரண்ட் போனால் பை வராது. இதைக் கம்பமே நடாத மணல்திட்டில் வைத்தாலும் ஓடும், ஏனென்றால் ஓட்டுவது குழந்தையின் கை. பிடிக்குப் பின்னால் ஒரு தடைநாக்கு இருக்கிறது. சரியான அகலத்தில் ஒரு காசு பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் அது விலகும், பிடி திரும்பும். பாதியில் பின்னோக்கித் திருப்ப முடியாதபடி இன்னொரு நாக்கு பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காசு அனுமதி கொடுக்கிறது, கை வேலை செய்கிறது. இதைப் போய்த் தானியங்கி என்றால் பெயரே பொய். அந்த அக்காக்கள் பிளக் எங்கே என்று தேடப்போகிறார்கள்.

என் பரிந்துரை: கைச்சுழல் விற்பொறி.

கீழக்கரையிலிருந்து:

விற்பொறியா? எலிப்பொறிக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் பிள்ளைகள் கடைக்கு வந்தால் 'காக்கா, பொம்மை மெஷின் எங்கே' என்றுதான் கேட்கும் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்). அதையே போட்டுவிட்டுப் போங்களேன்.

பெயரை விடுங்கள், எந்தக் காசு என்று அந்த வழிகாட்டியில் தெளிவாக எழுதுங்கள். பழைய ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர். 2019-இல் வந்த வரிசையில் ஐந்து ரூபாய் 25 ஆகிவிட்டது, இரண்டு ரூபாய் 23-க்கு வந்துவிட்டது. பழைய ஐந்துக்கு அளந்த பள்ளத்தில் புது ஐந்து நுழையவே நுழையாது, புது இரண்டு அகலத்தில் அப்படியே உட்காரும். தடிமனையும் சேர்த்துப் பார்க்கிற மெஷினா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பொம்மைக்கும் மூன்று ரூபாய் நட்டம். பேசாமல் பத்து ரூபாய்க்கு வாங்குங்கள். பத்து ரூபாய்க் காசு செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும் எத்தனையோ கடையில் கையை விரிக்கிறார்கள், மெஷினாவது முகம் சுளிக்காமல் வாங்கட்டும்.

பரமக்குடியிலிருந்து:

கீழக்கரைக்காரர் காசைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன். ஆங்கிலேயன் மதராசில் சில்லறையைக் 'கேஷ்' என்று எழுதியது நம் காசுதான். ஆனால் சங்கத்தில் காசு என்பது நாணயத்துக்கு முன்னால் மணி. குறுந்தொகை 148-ஐ எடுத்துப் பாருங்கள். செல்வச் சிறுவர்களின் காலில் கிடக்கும் பொன் கிண்கிணி, தவளை வாய் போன்றது, அதன் காசைப் போலக் கொன்றை அரும்பியிருக்கிறது என்கிறார் புலவர். காசு என்ற சொல் குழந்தையின் காலில் பிறந்தது என்பேன்! ஆகவே 'காசுப்பொறி' என்று வைத்தால் நாணயமும் வந்தது, விளையாட்டும் வந்தது, உருண்டையான மணியும் வந்தது. அதோடு 'பொம்மை' தெலுங்கு வழி வந்த சொல் என்பது என் கருத்து, 'பாவை' என்று மாற்றுங்கள். அதற்கு முன்னால் கிண்கிணி என்பது ஒலிக்குறிப்பா, கிண்ணத்தோடு தொடர்பு உடையதா என்று

(மீதி நீளமாக இருக்கிறது, தனி மடலாக அனுப்புகிறேன்.)

பாம்பனிலிருந்து:

ஐயாவின் தனி மடல் வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'பல்க்' என்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே, உதிரி. பூக்காரியிடம் போனால் கட்டின பூவா உதிரியா என்று கேட்கிறாரா இல்லையா? தொடுக்காமல், அடுக்காமல், கொட்டிக் கிடப்பது உதிரி. 'உதிரிப் பொம்மைப் பெட்டி' என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பாவை வேண்டாம் ஐயா, உள்ளே இருப்பதில் பாதி ரப்பர் பல்லியும் மோதிரமும்.

தொண்டியிலிருந்து:

அக்கா, நல்ல சொல்தான், ஆனால் வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று யோசித்தீர்களா? 'உதிரிப் பொம்மைப் பெட்டி உதிரிபாகங்கள்'.

'பொம்மை வழங்கி' என்றும் நினைத்தேன். கணினிக்காரர்கள் வழங்கியை ஏற்கெனவே சர்வருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த மெஷினை நம் பாட்டிகள் பார்த்தால் பெயர் கேட்டிருக்கவே மாட்டார்கள். மேலே குழியில் தானியத்தைப் போடுவார்கள், பிடியைச் சுற்றுவார்கள், ஓரத்தில் உடைந்து விழும். திருகை! உளுந்து உடைத்த திருகை எங்கள் வீட்டுக் கொல்லையில் இன்னும் கிடக்கிறது. காசுத் திருகை, பொம்மைத் திருகை, எதை வேண்டுமானாலும் வையுங்கள். நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் எழுப்பிய பாண்டித்துரைத் தேவர் பிறந்த சீமை இது. மெஷின் என்று அச்சடித்துக் கொடுப்பது நமக்கு அழகா?

பாம்பனிலிருந்து:

அண்ணே, சீமைப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் மீன் இறக்கும் தளத்துக்குப் பக்கத்துக் கடையில் 'பொம்மைத் திருகை' என்று போர்டு வைத்தால் எங்கள் ஊர் ஆட்கள் எதைத் தேடி வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? புள்ளித் திருக்கையா கொம்புத் திருக்கையா என்று விலை கேட்பார்கள். மீனுக்கு க் உண்டு, கல்லுக்கு க் இல்லை என்று போர்டு எழுதுகிறவரிடம் யார் போய்ச் சொல்வது?

பரமக்குடியிலிருந்து:

இரண்டும் ஒரே வேர்தான் அம்மா! திருகு, திருக்கு. வாலை முறுக்கி அடிக்கும் மீன் ஆதலால் திருக்கை. முறுக்கிச் சுற்றும் கல் ஆதலால் திருகை. ஒரு நூல் பிடித்தால் ஊர்ப் பெயர்கள் வரை கொண்டுபோகலாம்.

தொண்டியிலிருந்து:

ஆதாரம் கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் கேட்கவில்லை.

மண்டபத்திலிருந்து:

கொஞ்சம் வேலைக்கு வரலாமா. உருண்டைக்குச் சிமிழ் என்று எழுதிவிட்டேன். குங்குமச் சிமிழ் எல்லாருக்கும் தெரியும், திறந்து மூடுவது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'காப்ஸ்யூல்' என்பதால் 'மாத்திரை' என்று யாராவது ஆரம்பித்தால் குழுவை விட்டே போய்விடுவேன். சக்கரத்துக்குக் குழிச்சக்கரம். சிமிழ் அளவுக்குத் தக்க குழி வேண்டும், ஓர் அங்குலச் சிமிழ்ச் சக்கரத்தில் இரண்டு அங்குலச் சிமிழைக் கொட்டினால் சுற்றினாலும் ஒன்றும் இறங்காது என்பது வரை எழுதியாகிவிட்டது. விழும் துளைக்கு மேலே அடுத்த சிமிழ் சேர்ந்து விழாமல் தடுக்கும் மறைப்பு ஒன்று இருக்கிறது, அதை 'மறைப்பு' என்றே விட்டுவிட்டேன்.

'மவுண்ட்' என்பதற்குத்தான் இன்னும் தடுமாற்றம். நிறுவுதலா, பொருத்துதலா, மாட்டுதலா?

ராமநாதபுரத்திலிருந்து:

விழும் வாய்க்கு மடை என்று வையுங்கள். கண்மாய் மாவட்டத்தில் இருந்துகொண்டு வேறு சொல்லா? அளந்து விடுவதுதானே மடையின் வேலை.

கீழக்கரையிலிருந்து:

அளப்பது சக்கரம் அண்ணே, வாய் சும்மா கொட்டுகிறது. வாய் என்றே இருக்கட்டும்.

'மவுண்ட்' ஒரே வேலை இல்லை, அதனால் ஒரே சொல்லும் வேண்டாம். இரும்பு அடித்தட்டில் குழாயை மரை சுற்றி ஏற்றுகிறீர்கள், அது பொருத்துதல். குழாய்த் தலையில் உள்ள தட்டின் மேல் மெஷினின் உடலை வைத்து உள்ளேயிருந்து போல்ட் போடுகிறீர்கள், அது மாட்டுதல். கூண்டையும் சக்கரத்தையும் போட்ட பிறகு உள்ளே கை போகாது, அதனால் இந்த போல்ட்தான் முதல் வேலை என்று பெரிய எழுத்தில் போடுங்கள். கடைசியில் மொத்தத்தையும் தரையில் நிற்க வைப்பது நாட்டுதல், பந்தக்கால் நாட்டுகிற அதே நாட்டுதல். அரியமானில் மணலில் நாட்டினால் இரண்டு பையன்கள் சாய்ந்தாலே விழும். ஒரு கான்கிரீட் பலகை வார்த்து அதில் ஆங்கர் போல்ட் இறக்க வேண்டும். போல்ட் எல்லாம் எவர்சில்வரில் வாங்கச் சொல்லுங்கள், சாதா இரும்பு உப்புக்காற்றில் மரையோடு மரை பிடித்துக்கொள்ளும், அப்புறம் ரம்பம்தான். பூட்டில் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய். கூண்டின் மூடியை முறுக்கி இறுக்கக் கூடாது, பிளாஸ்டிக் கூண்டு காதோரம் விரிசல் விடும். கூண்டு நிறையக் கொட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் சிமிழ் போட்டு, காசு போட்டுத் திருகிப் பாருங்கள், சிக்கினால் அப்போதே கழற்றிவிடலாம். கடைக்குள் நிழலில் வைத்தால் பொம்மைச் சாயம் வெளுக்காது.

பாம்பனிலிருந்து:

காக்கா சொன்னதை அப்படியே அச்சடிக்கலாம்.

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள். 2021 சனவரியிலிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், சிமிழுக்குள் இருப்பதற்கும்தான். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை விழுங்கிவிடும் என்று முன்பக்கமே எழுதி ஒட்ட வேண்டும். அப்புறம் பக்கத்திலேயே வெற்றுச் சிமிழ் போட ஒரு ஓலைப்பெட்டி. இல்லாவிட்டால் அத்தனையும் மன்னார் வளைகுடாத் தீவுகளில்தான் போய் ஒதுங்கும். சேர்த்த சிமிழைத் துடைத்து மறுபடி நிரப்பலாம், காசும் மிச்சம்.

தொண்டியிலிருந்து:

திருகையை முழுக்க விட மனமில்லை. கல்லை விட்டுவிட்டுத் திருகுவதை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? பொம்மைத் திருகுபெட்டி. வினைத்தொகை, ஊறுகாய் சுடுகாடு மாதிரி. திருகிய பெட்டி, திருகுகின்ற பெட்டி, திருகும் பெட்டி. மீனும் வராது, மண்டியும் வராது, பிளக்கும் தேட மாட்டார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து:

வினைத்தொகை சரி. ஆனால் அச்சகத்தில் கட்டாயம் ஒரு ப் போட்டுத் 'திருகுப்பெட்டி' ஆக்குவார்கள். திருகு என்பது பெயராகிவிடும், ஆணி போட்டு வைக்கிற பெட்டி ஆகிவிடும்.

மண்டபத்திலிருந்து:

ப் வராமல் நானே நின்று பார்த்துக்கொள்கிறேன். பாம்பன், தொண்டி இரண்டும் திருகுபெட்டிக்குச் சரி, ராமநாதபுரம் அரைமனது, கீழக்கரைக் காக்கா எதுவானாலும் சரி, சீக்கிரம் முடியுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார். தலைப்பு 'பொம்மைத் திருகுபெட்டி', அதற்குக் கீழேயே சின்ன எழுத்தில் 'பொம்மை மெஷின்'. காசு வாங்கும் பகுதிக்கு ஒன்றும் தேறவில்லை, 'காசுப்பகுதி' என்று போட்டு அம்புக்குறி வரைந்துவிட்டேன். நாளை காலை அச்சுக்குப் போகிறது.

பரமக்குடியிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பெட்டி என்றால் மூடி வைப்பது, இதுவோ கொடுப்பது. பெட்டியில் போட்ட காசு திரும்பி வரும், இதில் வருமா? பொறி என்ற அருமையான சொல்லை எலிக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். இரண்டாம் பதிப்பு வந்தால் 'காசுப்பொறி'யை மறுபடி எடுப்பேன். கிண்கிணி பற்றிய மடல் இத்துடன் இணைப்பில்.

தொண்டியிலிருந்து:

இணைப்பு திறக்கவில்லை ஐயா. அவசரமில்லை.