மூஸ் வேட்டைக்கு .308இல என்ன நிறைக் குண்டு எடுக்கிறது?

உவர்மலைப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். லீவில திருகோணமலை வந்து நிக்கிறன், ரெண்டு கிழமையில திரும்ப நோர்வே போயிடுவன், எனக்கு அங்க எல்வெரும் பக்கம் வேலை. போன வருசம் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணீட்டன், இந்த முறை செப்டெம்பர் 25 சீசன் தொடங்கேக்க வேலையிடத்து ஆக்களோட முதல் தரமா மூஸ் வேட்டைக்குப் போறன். ஊரில இருக்கிற ஆக்களுக்குச் சொல்லுறதெண்டால் மூஸ் ஒரு மான் இனம், எங்கட மரையைவிட எவ்வளவோ பெரிசு, நல்ல கிடா 500 கிலோ வரைக்கும் வரும்.

துவக்கு இருக்கு, செக்கண்ட் ஹாண்ட் டிக்கா கம்பனி, தோட்டா அளவு .308. பிரச்சினை தோட்டாதான். கடையில சுவர் முழுக்கப் பெட்டி, 9.7 கிராம், 10.7, 11.7, 13 கிராம், அதுக்குள்ள ஈயம் வேற செம்பு வேற. டீமில ஒருத்தர் சொல்லுறார் பாரம் கூடினதை எடு எண்டு, இன்னொருத்தர் பாரம் கூடினால் ஸ்பீட் இல்லை, விரியாது எண்டுறார், மூண்டாவது ஆள் முப்பது வருசமா 6.5×55 எண்ட சின்னத் தோட்டா வச்சே அடிக்கிறார்.

நேற்றுப் பின்னேரம் அப்பாவோட கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்கு நடந்து போகேக்க ரோட்டோரம் ஒரு மான் கை எட்டுற தூரத்தில நிண்டு மேஞ்சுகொண்டிருந்தது. முன்னங்காலுக்குப் பின்னால விலா மூச்சுக்கு ஏறி இறங்குறதை அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டிட்டன். எனக்குப் பயமே இதுதான், காயப்படுத்தி விட்டிடக்கூடாது. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

நிலாவெளியான், உமியோ:
தம்பி, நான் ஸ்வீடன்ல பதினாலு வருசமா வேட்டைக்குப் போறன், தெரிஞ்சதைச் சொல்லுறன். முதல்ல சட்டத்தைப் பார். நோர்வேயில மூஸுக்கு விரியிற குண்டுதான் பாவிக்கலாம், 9 கிராமுக்குக் குறையக்கூடாது. 9க்கும் 10க்கும் இடையில எண்டால் 100 மீட்டரில குண்டின்ர சக்தி 2700 ஜூல் இருக்கவேணும், 10 கிராமும் அதுக்கு மேலயும் எண்டால் 2200 ஜூல் காணும். எங்கட பக்கம் 10 கிராமுக்கு 2000. இதைப் பாத்தாலே உன்ர டீம்காரரின்ர 6.5 கதை விளங்கும், அவர் கட்டாயம் 156 கிரெய்ன், அதாவது 10.1 கிராம் குண்டுதான் போடுவார், 140 கிரெய்ன் போட்டால் அது 9.1 கிராம், அந்தச் சின்னத் தோட்டாவில 2700 ஜூலுக்கு ஏறுறது கஷ்டம். பெட்டியில கிரெய்ன்ல போட்டிருந்தால் 15.4ஆல பிரி, கிராம் வரும்.

உன்ர .308க்கு 11.7 கிராம், 180 கிரெய்ன் எண்டு சொல்லுறது, அதுதான் நடு வழி. 100 மீட்டரில 3000 ஜூலுக்குக் கிட்ட நிக்கும், சட்டத்துக்கு மேல நல்ல இடைவெளி. 13 கிராமும் பிழையில்லை, ஆனா .308 சின்னக் கோது, அந்தப் பாரத்தைத் தள்ள மருந்துக்கு இடம் காணாது, ஸ்பீட் விழுந்திடும். பாரம் கூடினதுதான் வேணுமெண்டால் அதுக்கு 9.3×62 எண்டு வேற துவக்கே இருக்கு, 1905இல வந்தது, 18.5 கிராம் குண்டு, இண்டைக்கும் இங்க கனபேர் வச்சிருக்கினம்.

ஆனா நிறையைவிடக் குண்டு எப்பிடிக் கட்டியிருக்கு எண்டதுதான் முக்கியம், இதை நான் பிழைவிட்டுத்தான் படிச்சனான். மூண்டாவது வருசம் எண்டு நினைக்கிறன், மலிவா இருக்கெண்டு மெல்லிய செப்பு உறை போட்ட சாதாரண ஈயக் குண்டு, 9.7 கிராம், எழுபது மீட்டர் கூட இல்லை, மூஸ் கொஞ்சம் முன்பக்கம் திரும்பி நிண்டது, நான் அவசரப்பட்டு வெடி வச்சிட்டன், நேர முன்சப்பை எலும்பில பட்டுக் குண்டு அங்கேயே சிதறிப்போச்சு. அது ஓடீட்டுது. நாயைக் கொண்டுவந்து தேடிப் பிடிக்க அஞ்சு மணித்தியாலம், கண்டுபிடிக்கேக்க அது படுத்திருந்து எங்களைப் பாத்துக்கொண்டிருந்தது. உரிக்கேக்க சப்பையில உள்ளங்கை அளவுக்கு இறைச்சி கூழா இருந்தது, ஈயத்துண்டு மண் மாதிரி, உள்ள சுவாசப்பையில ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கேல்லை.

அதுக்குப் பிறகு பொண்டட் குண்டுதான், ஈயத்தையும் செப்பு உறையையும் பிரியாமல் ஒட்டி வச்சது, நோர்மா ஓரிக்ஸ் மாதிரி. போன வருசம் ஒரு கிடாவுக்கு அடிச்சது மற்றப்பக்கத் தோலுக்குக் கீழ நிண்டுது, எடுத்துக் கழுவிப் பாத்தால் காளான் மாதிரி விரிஞ்சு, தராசில வச்சால் பத்துக் கிராமுக்கு மேல மிச்சம். ஜோன் நொஸ்லர் எண்ட அமெரிக்கருக்கும் இதே கதைதான், பிரிட்டிஷ் கொலம்பியாவில சேறு காஞ்சு ஒட்டின ஒரு மூஸுக்கு வச்ச குண்டுகள் உள்ள இறங்காமல் உடைஞ்சு போகத்தான் அவர் நடுவில சுவர் வச்ச பார்ட்டிஷன் குண்டைச் செய்தவர், 1948இல அது விற்பனைக்கு வந்தது.

ஒஸ்லோ அக்கா:
தம்பி, நான் வேட்டைக்குப் போறேல்லை, ஆனா மனுசன்ர கூட்டாளி ஒவ்வொரு வருசமும் மூஸ் இறைச்சி தாறவர், ரெண்டு சின்னப் பிள்ளையள் வீட்டில, அதால கேக்கிறன். ஈயக் குண்டு எண்டால் இறைச்சிக்குள்ள ஈயம் போகுமெண்டு சொல்லுகினமே, செம்புக் குண்டு எடுத்தால் என்ன? ஊர் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டல் வச்சால் பிள்ளையள் மூண்டு நேரமும் அதைத்தான் கேக்குதுகள், எனக்கு மனசில ஒரு பயம்.

நிலாவெளியான், உமியோ:
அக்கா நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, நான் அதை எழுதாமல் விட்டிட்டன். ஈயம் போகும்தான், கண்ணுக்குத் தெரியாத துண்டுகள் ஓட்டையைச் சுத்தி ஒரு சாணுக்கும் போகும், அதால குண்டு போன பாதையைச் சுத்தி இறைச்சியை நல்லாத் தள்ளி வெட்டி எறியோணும், ரத்தம் கட்டின இடம் ஒண்டையும் அரைக்கக் குடுக்கக்கூடாது. குழந்தையளுக்கும் பிள்ளைத்தாச்சியளுக்கும் ஈயம் கூடாது. தாற ஆளிட்டக் கேளுங்கோ என்ன குண்டு, எங்க பட்டது எண்டு, நல்ல வேட்டைக்காரன் கோவிக்க மாட்டான்.

தம்பி, செம்பு எடுக்கிறதெண்டால் 11.7 தேடாதே. செம்பு ஈயத்தைவிடப் பாரம் குறைவு, அதே நிறைக்குக் குண்டு நீளமாயிடும், ஆனா உடையாது, நிறை முழுக்க அப்பிடியே மிஞ்சும், அதால .308இல 10.7 கிராம் காணும், 10க்கு மேல எண்டதால சட்டத்துக்கும் சுகம். ஒண்டு மட்டும், செம்பு விரியிறதுக்கு ஸ்பீட் வேணும், தூர வெடிக்கு ஆசைப்படக்கூடாது.

தம்பலகாமத்து வயல்காரன்:
மகன், எனக்கு உங்கட கிராம் ஜூல் ஒண்டும் விளங்காது, வயல் காவலுக்குப் பெர்மிட்டில வச்சிருந்த பன்னிரண்டு போர் துவக்கோட இருபது வருசம் பண்டிக்குக் காவல் இருந்தவன் நான். மானும் மரையும் இங்க 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர கீழ காப்பாத்துற மிருகம், அதுகளைத் தொடேல்லை. நான் சொல்லுறது ஒண்டுதான், விலா காட்டி நிக்கும்வரைக்கும் பொறு. எங்கட ஆக்கள் இருட்டில சத்தம் கேட்ட பக்கம் வெடி வச்சு, அந்தப் பண்டி மூண்டு நாளைக்குப் பிறகு வாய்க்காலுக்குள்ள புழுத்துக் கிடந்ததைக் கண்டிருக்கிறன், நெஞ்சு பதறும். வெடி வைக்காமல் வீட்ட வந்த இரவெல்லாம் நான் நிம்மதியாப் படுத்திருக்கிறன். மிருகத்துக்குப் பின்னால என்ன நிக்குது எண்டும் பார், குட்டி நிக்கலாம், மனுசர் நிக்கலாம்.

நிலாவெளியான், உமியோ:
ஐயா சொன்னதுதான் சரி, அதுக்கு மேல என்னட்ட இல்லை. ஊடுருவிப் போற குண்டு பின்னால நிக்கிறதையும் கொல்லும். முன்னங்காலை ஒட்டிப் பின்னால, உடம்பின்ர உயரத்தில கீழ இருந்து மூண்டில ஒரு பங்கு, அங்க வை. பட்டால் உடனே விழும் எண்டு நினைக்காதே, சுவாசப்பையில நல்லாப் பட்ட மூஸும் அம்பது நூறு மீட்டர் நடக்கும், சிலது அசையாமல் நிக்கும், நிக்குதெண்டால் இன்னொரு வெடி வை. ரத்தம் றோஸ் நிறத்தில நுரையா இருந்தால் சுவாசப்பை. கறுத்த ரத்தமெண்டால் ஈரல், பின்னால ஓடாதே, நிண்ட இடத்தை அடையாளம் வச்சிட்டு நாயோட ஆளைக் கூப்பிடு.

உவர்மலைப் பெடியன்:
அண்ணை, ஐயா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டினனான், தம்பலகாமத்து ஐயா சொன்னதைத் திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னவர். வீட்டில என்ர அக்கான்ர பிள்ளையளும் சாப்பிடுங்கள், அதால செம்பு 10.7 எடுக்கிறன். ஷூட்டிங் டெஸ்ட் நான் 11.7 ஈயத்திலதான் பாஸ் பண்ணினனான், 100 மீட்டரில அஞ்சு வெடியும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ள. இனித் தோட்டாவை மாத்தினால் ஸ்கோப்பைத் திரும்பச் சரிபாக்க வேணுமோ?

நிலாவெளியான், உமியோ:
கட்டாயம். ஒரே நிறை எண்டாலும் கம்பனி மாறினாலே குண்டு வேற இடத்தில படும், உனக்கு நிறையும் மாறுது, உலோகமும் மாறுது. எல்வெரும் போய் இறங்கின உடனே ஒரே லொட் நம்பரில, அதாவது ஒரே தொகுதியில செய்ததில, நாலைஞ்சு பெட்டி வாங்கு, முதல் வேலையாக் குழலை நல்லாச் சுத்தம் பண்ணு, குழல் ஊத்தையா இருந்தால் செம்புக் குண்டு சரியாப் போகாது. ஒவ்வொரு நாளும் முதல் வெடியை, குழல் குளிரா இருக்கேக்க வைக்கிறதை, பேப்பரில தனியாக் குறிச்சு வை, காட்டில உனக்குக் கிடைக்கிறது அந்த ஒரு வெடிதான். பெஞ்சில வச்சு ரெண்டு நாள், பிறகு நிண்டுகொண்டு, முழங்காலில இருந்து. அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து இங்க போடு, பாத்துச் சொல்லுறன்.