ஹாலோவீன் சுவரொட்டிக்கு விளையாட்டுத்தனமான திகில் எழுத்துரு எது?

மைத்துளி:
அக்டோபர் 31 அன்று நடக்கும் ஹாலோவீன் விருந்துக்காக டொராண்டோவிலுள்ள ஒரு பேக்கரிக்குச் சுவரொட்டியும், கண்ணாடியில் ஒட்டும் வினைல் (பிளாஸ்டிக் ஒட்டுத்தாள்) எழுத்துகளும் வடிவமைக்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகள் என்பதால் எழுத்து அவர்களைச் சற்றே மிரட்ட வேண்டும், அழவைத்துவிடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுடன் வரும் சில்லர் எழுத்துருவில் ‘ஹாலோவீன்’ என்று ஆங்கிலத்தில் அமைத்துப் பார்த்தேன். தனித்தனி எழுத்துகள் நன்றாக இருந்தும், சொல்லாகப் பார்க்கும்போது உயிரில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள கிரீப்ஸ்டர், நோசிஃபர் இரண்டில் எது பொருந்தும்? கட்டணப் பணிக்கு அவற்றைப் பயன்படுத்தலாமா?

அச்சுமேசை:
நோசிஃபர் வேண்டாம். அகன்ற எழுத்துகளிலிருந்து ரத்தம் வழியும் வடிவம் அது. கேக் விற்கும் இடத்தில் கசாப்புக்கடையை நினைவூட்டும். கிரீப்ஸ்டர் பழைய திகில் காமிக்ஸின் சாயல் கொண்டது, அதில் பயத்தோடு சிரிப்பும் உண்டு.

உயிரில்லாததற்குக் காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதில் இரண்டு ‘எல்’, இரண்டு ‘ஈ’ அடுத்தடுத்து வருகின்றன. ஆண்ட்ரூ ஸ்மித் 1995இல் வடிவமைத்த சில்லர், கையால் கிறுக்கியதுபோன்ற தோற்றத்தையே நம்பி நிற்கும் எழுத்துரு. அதில் ஒரே கீறலும் ஒரே பிசிறும் பக்கத்திலேயே மறுபடி வந்தால், எழுதியது பேயன்று, கணினி என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். எழுத்துருவில் மாற்று வடிவங்கள் இருந்தால், மென்பொருளில் ‘கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்’ வசதியை, அதாவது பக்கத்து எழுத்தைப் பொறுத்து வடிவத்தைத் தானே மாற்றும் வசதியை, இயக்கிப் பாருங்கள். இல்லையென்றால் எழுத்துகளை அவுட்லைனாக (படம்போல் திருத்தக்கூடிய கோட்டுருவமாக) மாற்றி, இரட்டையில் ஒன்றைச் சற்றுச் சாய்த்து, அதன் பிசிறுகளைக் கையால் திருத்துங்கள். நான் எப்போதும் இரண்டாவது வழியையே நாடுவேன்; பத்து நிமிட வேலைதான்.

உரிமப்பித்தன்:
கிரீப்ஸ்டர், நோசிஃபர் இரண்டுமே ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தின் கீழ் வெளியானவை. சுவரொட்டி, பனியன், பெட்டி என எதில் அச்சிட்டு விற்றாலும் தடையில்லை. எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

வினைல்காரன்:
கண்ணாடி எழுத்துகளில் கவனம் தேவை. மெல்லிய பிசிறுகளை வெட்டுக்கருவி வெட்டிவிடும், ஆனால் தேவையற்ற வினைலை உரித்தெடுக்கும்போது அவை கிழிந்து கூடவே வந்துவிடும். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான முனைகளை நான் முன்கூட்டியே தடிப்பாக்கிவிடுவேன். இன்னொன்று: திகிலுக்குப் பிசிறு கட்டாயமன்று. எட் பெங்குயாட் 1970களில் வடிவமைத்த ஐடிசி பெங்குயாட் எழுத்துருவில் ஒரு சொட்டு ரத்தமும் இல்லை, ஆனால் திகில் நாவல்களின் அட்டைகளில் பழகிப்போனதால் அதைக் கண்டாலே மனம் இருட்டைத் தேடுகிறது. குழந்தைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதால், உங்கள் பணிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மைத்துளி:
நன்றி. கிரீப்ஸ்டரில் அமைத்து, இரண்டாவது ‘எல்’லை மட்டும் முதலாவதன்மேல் சாய்த்துவிட்டேன், பயந்துபோய் ஒட்டிக்கொண்டதுபோல இருக்கிறது. நேரம், முகவரி வரிகளைச் சாதாரண எழுத்துருவிலேயே விட்டிருக்கிறேன்.