சீரகத் தேநீர்: முழுசா, பொடியா? கசப்பு எங்கிருந்து வருது?

டம்ளர்டீ:
அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் வறுத்த சீரகப் பொடி, 10 நிமிஷம் கொதி, கடைசியில டீத்தூள். கலங்கலா, கசப்பா வருது, கடைசி மடக்கு வெறும் வண்டல். முழுச் சீரகம் போட்டா நிறம் மட்டும் இறங்குது, வாசனை இல்லை. அளவு தப்பா, முறை தப்பா? எனக்குப் பாலும் வேணும்.

அம்மிக்கல்:
முறைதான் தப்பு. சீரகத்தோட மணம் அதுல இருக்கற எண்ணெயில இருக்கு, ஆவியோட கிளம்பிடும். பொடிச்சா இன்னும் சீக்கிரம். 10 நிமிஷம் கொதிச்சா மணம் அடுக்களைக்கு, கசப்பு உங்களுக்கு.

முழுச் சீரகம் ஒரு டீஸ்பூன், சுமார் 2 கிராம். வெறும் வாணலியில சின்னத் தீயில 2 நிமிஷம் வறுங்க. நிறம் லேசா கூடி மணம் எழும்பினதும் உடனே தட்டுல கொட்டிடணும். வாணலியிலேயே விட்டா அந்தச் சூட்டுலயே கருகும், பாதிக் கசப்பு அங்கதான். ஆறினதும் உரல்ல ரெண்டு தட்டு, உடைஞ்சா போதும். கொதிக்கற அரை லிட்டர் தண்ணியில போட்டு மூடி 5 நிமிஷம் சிறு தீ. அணைச்சிட்டு டீத்தூள் ஒன்றரை டீஸ்பூன், மூடி 3 நிமிஷம், வடிகட்டுங்க.

நுரைகட்டி:
பொடிதான் வேணும்னா டம்ளருக்கு கால் டீஸ்பூன், அடுப்பை அணைச்ச பிறகு. 2 நிமிஷம் மூடி வச்சு மெல்லிசு துணியில வடிகட்டணும், டீ வடிகட்டியில வண்டல் நிக்காது. வறுத்ததைச் சூடா மிக்ஸியில போட்டா ஈரம் கோத்துக் கட்டி தட்டும்.

பாலைத் தனியாக் காய்ச்சி வடிகட்டின டீயில ஊத்துங்க. பால் சேர்ந்தா சீரகம் அமுங்கிடும், அதனால முழுச் சீரகத்தை ஒன்றரை டீஸ்பூன் ஆக்கலாம். கருப்பட்டி போடறவங்க பாலோட சேர்த்துக் கொதிக்க விடாதீங்க, திரிஞ்சுடும். என்னைக் கேட்டா இது கடுங்காப்பி மாதிரி பாலில்லாமக் குடிக்க வேண்டிய சமாச்சாரம்.

தேத்தண்ணி:
எங்கட பக்கத்துக் கடையில நற்சீரகம் எண்டு கேட்டு வாங்குங்கோ. சும்மா சீரகம் எண்டால் சில இடத்தில பெருஞ்சீரகம் தருவாங்கள், அது இனிப்பு. தேத்தண்ணியின்ர ருசியே மாறிப்போம்.

டம்ளர்டீ:
இதே வறுத்த பொடி ரசத்துக்கும் ஆகுமா?

அம்மிக்கல்:
ரசத்துக்கு வேண்டாம். வறுக்காத சீரகம் ஒரு டீஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், நாலு பல் பூண்டு, கொரகொரன்னு தட்டிப் போட்டு, நுரை கட்டினதும் இறக்கணும். வறுத்த பொடி தயிர்ப் பச்சடி, மோருக்கு, மேலாகத் தூவ. தாளிக்க முழுசுதான், பொடி எண்ணெயில நொடியில கருகிடும்.

உங்க முழுச் சீரகம் ஏன் மணக்கலைன்னு பாக்க, நாலை உள்ளங்கையில கசக்குங்க. கையில மணம் ஏறலைன்னா பழைய சரக்கு, வறுத்தும் பிரயோஜனம் இல்லை.

டம்ளர்டீ:
கசக்கிப் பாத்தேன். வைக்கோல் வாசனை.

நுரைகட்டி:
அப்ப 50 கிராமா வாங்குங்க, கிலோவா இல்லை.