இரண்டாங்கட்டில் கிடந்த கச்சேரி ரிக்கார்டுகள்: எப்படிப் பதிவு செய்வது, யாருக்குக் கொடுப்பது?

பள்ளத்தூர்க்காரன்:
எங்கள் வீடு நாலு புள்ளிக்கு, அதாவது நாலு பங்காளிக் குடும்பத்துக்குப் பொது. போன மாதம் ஓடு மாற்றுவதற்காக இரண்டாங்கட்டு அறையைக் காலி செய்தபோது இரண்டு மரப்பெட்டி நிறைய ரிக்கார்டு கிடைத்தது, ஐயா ரங்கூனிலிருந்து திரும்பிய பிறகு ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்ததாம், அப்பத்தா சொல்கிறார்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு 138, எல்.பி. என்கிற நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு இருபது சொச்சம். அரியக்குடி, முசிறி, கிட்டப்பா, பட்டம்மாள் என்று லேபிளில் படிக்க முடிகிறது. சிலதில் லேபிளையே பூச்சி தின்றிருக்கிறது. கூடவே ஒரு புனல் வைத்த கிராமபோனும் இருக்கிறது, சாவி கொடுத்தால் ஓடுகிறது.

பங்காளி ஒருவர் மொத்தத்தையும் பழம்பொருள் கடையில் போட்டுவிடலாம் என்கிறார். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் விசாரித்தால் அவர்களுக்குப் புனல் மேல்தான் கண், பாட்டு மேல் இல்லை. விற்பதற்கு முன் பாட்டையாவது கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று நான் நிற்கிறேன். கிராமபோனில் ஓடவிட்டு செல்போனில் பிடித்தால் போதுமா? சித்தப்பா மகன் சானிடைசர் விட்டுத் துடைக்கலாம் என்கிறான், செய்யலாமா?

தட்டுப்பித்தன்:
சானிடைசரைக் கையில் தொடாதீர்கள்! அதில் இருப்பது ஆல்கஹால், அரக்கு அதில் கரையும். சென்னையில் ஒரு கடையில் இதே மாதிரி சுத்தம் செய்யக் கொடுத்து என் நாலு தட்டு மங்கிப்போய் வந்தது, மேலே சொரசொரவென்று ஒரு படலம், இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, மெல்லிய பிரஷ். தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தின் திசையிலேயே துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளமாக நெளிந்துவிடும்.

கிராமபோனும் வேண்டாம். அதன் தலை நூறு கிராமுக்கு மேல் கனத்தில் எஃகு ஊசியை அழுத்துகிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசி மாற்றினார்கள் என்றால் தட்டு என்ன பாடுபட்டிருக்கும், பாருங்கள். ஒரு சாதாரண டர்ன்டேபிள், அதாவது மின்சார ரிக்கார்டு பிளேயர் இரவல் வாங்குங்கள், அதில் அழுத்தம் ஐந்து கிராமுக்குள்தான் இருக்கும். ஆனால் எல்.பி. ஊசியிலேயே 78-ஐ ஓட்டாதீர்கள். எல்.பி. ஊசியின் முனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைவு, 78-க்கு ஆயிரத்தில் மூன்று பங்கு வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் அழுக்கில் உரசிக்கொண்டே போகும், பாட்டை விட இரைச்சல்தான் வரும். 78-க்கென்றே தனி ஊசி விற்கிறார்கள், செலவு அதற்கு மட்டும் செய்தால் போதும்.

சுருதிப்பெட்டி:
வேகத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. டர்ன்டேபிளில் 33, 45 மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, 45-ல் ஓட்டிப் பதிந்துவிட்டு ஆடாசிட்டி என்கிற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தை 78-க்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் 78 என்று பெயர் இருந்தாலும், மைக் வருவதற்கு முன், அதாவது 1925 வாக்கில் மின்முறைப் பதிவு வரும் வரை, புனலுக்குள் பாடிய தட்டுகள் எல்லாம் சரியாக 78-ல் இல்லை. 74-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பாடகர் குரலே வேறாகத் தெரியும், "அந்தக் காலத்தில் என்ன உச்சம்!" என்று நாமும் ஏமாறுவோம். பின்னணியில் ஆர்மோனியம் இருந்தால் அதன் சுருதி எந்தக் கட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்து வேகத்தைத் திருத்துங்கள். திருத்தாத மூலப்பதிவு ஒன்றும் தனியாக இருக்கட்டும்.

பதிவுத் தரம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பாக இருக்கட்டும். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்கு நூறு எம்.பி. சொச்சம்தான் வரும். இரைச்சல் நீக்கும் பட்டனைக் கண்டபடி அழுத்தாதீர்கள், இரைச்சலோடு கமகமும் (சுரத்தின் அசைவும்) போய்விடும்.

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, பாட்டை ஏற்றுவதற்கு முன் லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். லேபிள் போனதற்கு, அதைச் சுற்றி மெழுகுபோல வழவழப்பாக இருக்கும் இடத்தில் ஓர் எண் பொறித்திருப்பார்கள், சாய்வாக வெளிச்சம் அடித்துப் படியுங்கள். பழைய தட்டாக இருந்தால் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்வதும் உண்டு, அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

விற்பது நாலு புள்ளியும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது, நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகங்கள் சென்னையில் நூலகமாகி இன்றைக்கு உலகமே வந்து படிக்கிறது. அவரும் நம்மைப்போல் வீட்டுக்குள் அடுக்கி வைத்தவர்தான். தரமணியில் இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள்.

சும்மாஒருவன்:
இவ்வளவு எதற்கு? எல்லாவற்றையும் யூடியூபில் போட்டுவிட்டுப் போங்கள், யார் கேட்கப்போகிறார்கள்.

தட்டுப்பித்தன்:
கேட்பார்கள். ஒலிப்பதிவுக்கு நம் 1957-ம் ஆண்டுச் சட்டப்படி வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 வருடம் பதிப்புரிமை (காப்பிரைட்). ஆகவே 1964-க்குள் வெளியான தட்டுகளுக்குப் பதிவுரிமை தீர்ந்தது, எழுபதுகளில் வந்த எல்.பி.க்குத் தீரவில்லை. பாட்டு எழுதியவர் கணக்கு வேறு. தியாகராஜர் என்றால் கவலையில்லை. பாபநாசம் சிவன் காலமானது 1973-ல், அவர் சாகித்தியத்துக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. அரக்குத் தட்டாகவே இருந்தாலும் லேபிளில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொதுவில் போடுங்கள். போடும்போது எண், நிறுவனம், எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் எல்லாம் எழுதுங்கள். "அபூர்வம்! கேட்டு மகிழுங்கள்" என்று மட்டும் போடுகிறவர்களால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை.

பள்ளத்தூர்க்காரன்:
அனைவருக்கும் நன்றி. ஆச்சி சொன்னபடி லேபிள் படம் ஆரம்பித்தாயிற்று, 40 முடிந்தது. மூன்று தட்டில் விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் ஓடுகிறது, ஒட்டலாமா?

தட்டுப்பித்தன்:
ஒட்டாதீர்கள், பசை பள்ளத்துக்குள் இறங்கிவிடும். அந்த மூன்றைத்தான் முதலில் பதியுங்கள். சுற்றுக்கு ஒரு தடவை டக், டக் என்று கேட்கும், அதைப் பிறகு கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக எடுக்கலாம். மற்றதையெல்லாம் படுக்கப் போட்டு அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
ஊசிக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டாவது பெட்டியை மட்டும் பங்காளி பூட்டி, சாவியை மலேசியாவுக்கே கொண்டுபோய்விட்டார். முன்னோர்க்குப் படையல் போடும் படைப்புக்கு வரும்போது தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை புனலை யாருக்கும் விற்க மாட்டோம் என்று அப்பத்தா முன்னால் பேசி முடித்திருக்கிறது.